தூரமா, தூக்கமா?

இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை



வேப்பம்பட்டு ஸ்டேஷனில் சாயந்திரம் லோக்கலுக்குக் காத்து நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனால் அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் யார்? நான் இன்னும் பார்க்கிறேன். அது மதுரைக்குப் போகிறதா, லண்டனுக்குப் போகிறதா என்று கீழே இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு வேலைகள். அதே வெள்ளைச் சட்டை, தோளில் அதே நான்கு பட்டை. ஒருவர் ஒரே நாளில் நான்கு முறை மேலே ஏறி நான்கு முறை இறங்குகிறார். இன்னொருவர் ஒரு முறை ஏறினால் அடுத்த நாள்தான் இறங்குகிறார். இந்த இருவரில் யாருக்கு வேலை கடினம்?

எங்கள் துறை செமினாரில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் "லாங்தான் கஷ்டம்" என்றது. தூரம் அதிகம் என்றால் களைப்பும் அதிகம் என்று நினைப்பது இயற்கைதானே! நான் இதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இதே வழக்கு பல வருடமாக நடக்கிறது. என் அப்பா கம்பெனி ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். என் மாமா கும்மிடிப்பூண்டியில் கம்பி லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா வரை போகும் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறார். மாமா வந்தால் ராஜ மரியாதை. "பாவம், எவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்திருக்கு" என்று அம்மா மீன் வாங்கி வரச் சொல்வாள். அப்பா தினமும் வீட்டுக்கு வருகிறவர் என்பதால் அவருக்கு மீன் கிடையாது. வழக்குக்குத் தீர்ப்பு பிறகு பார்ப்போம். முதலில் விமானத்துக்குப் போவோம்.

ஒரு நாளில் நான்கு முறை

சென்னையில் ஒரு பைலட்டுக்குக் காலை ட்யூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை - மதுரை, மதுரை - சென்னை, சென்னை - கோவை, கோவை - சென்னை. இந்த ஒவ்வொரு துண்டையும் அவர்கள் 'செக்டார்' என்கிறார்கள். நமக்கு டிரிப் என்றால் புரியும். விமானம் நகர ஆரம்பித்து, போய் நிற்கும்வரை ஒன்றேகால் மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்வோம்.

இந்த ஒன்றேகால் மணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடுபாதை வரை ஓட்டிப் போக கொஞ்ச நேரம். மேலே ஏற சுமார் இருபது நிமிடம். கீழே இறங்கவும் அதே அளவு. நடுவில் "அப்பாடா" என்று நிமிர்ந்து உட்கார மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் போகிற ஊரின் வானிலையைக் கேட்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து இறங்கச் சொல்வார்கள் என்று யோசிக்க வேண்டும், கோ-பைலட்டோடு பேசித் தயாராக வேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது வேலை சம்பந்தமில்லாத ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்பது உலகம் முழுக்கப் பல விமான கம்பெனிகள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. வீட்டுக் கதை, கிரிக்கெட் ஸ்கோர் எதுவும் கிடையாது. ஏனென்றால் விபத்துகளில் பெரும்பகுதி ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கிறது. குறுகிய தூர பைலட்டின் நாள் முழுவதும் அந்த ஏறுவதும் இறங்குவதும்தான்.

தரையில் நின்றால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். அரை மணிக்குள் ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, புது ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு செக்டார் தாமதமானால் மீதி மூன்றும் தாமதம். மத்தியானச் சாப்பாடு மடியில் வைத்துத்தான்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். கோவை எக்ஸ்பிரஸ் நம்ம ஊரில் நிற்காமல் தூசி கிளப்பிக்கொண்டு போகிறது. அரக்கோணம் லோக்கலோ ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு என்று நின்று நின்று போகிறது. ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருபத்தைந்துக்கும் மேலான ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்க வேண்டும், பிளாட்பாரத்தில் சரியாக நிறுத்த வேண்டும், ஓடி வந்து ஏறுகிறவனைக் கவனிக்க வேண்டும், மறுபடி கிளப்ப வேண்டும். எக்ஸ்பிரஸ் டிரைவருக்கு வேறு கவலைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிலோமீட்டரை மட்டும் வைத்து இருவரையும் எடை போட முடியாது என்பது நம்ம ஸ்டேஷனில் நின்று பார்த்தாலே தெரிகிறது.

வட துருவத்தின் மேலே நான்கு பெண்கள்

இப்போது நெடுந்தூரம். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரி 9-ஆம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் ஒன்று கிளம்பி, வட துருவத்தின் மேலாகப் பறந்து, 11-ஆம் தேதி விடியற்காலையில் பெங்களூருவில் இறங்கியது. இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரமே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பாபகாரி தன்மயி, ஆகாங்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் என்று ஓட்டியவர்கள் நான்கு பேரும் பெண்கள். எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தான், அதனால் இதை இரண்டு தடவை எழுதினாலும் தப்பில்லை: நான்கு பேரும் பெண்கள்!

ஏன் நான்கு பேர்? ஓட்ட ஒரே நேரத்தில் இரண்டு பேர் போதும். ஆனால் பதினாறு, பதினேழு மணி நேரம் இரண்டு பேரே விழித்திருக்க முடியாது, சட்டமும் விடாது. பறக்கும் நேரம் ஓர் அளவைத் தாண்டினால் மூன்றாவது பைலட், இன்னும் நீண்டால் நான்காவது பைலட் வேண்டும். இரண்டு பேர் ஓட்ட, மற்ற இரண்டு பேர் படுக்கப் போவார்கள். பெரிய விமானங்களில் பைலட்டுகளுக்கென்றே பயணிகள் கண்ணில் படாத சின்ன அறை இருக்கிறது. நம்ம ரயில் பெர்த் மாதிரி படுக்கை, பெல்ட், ஒரு விளக்கு. மாமாவின் லாரியிலும் இதேதான். இரண்டு டிரைவர், சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை. நெல்லூர் தாண்டினால் ஒருவர், விஜயவாடா தாண்டினால் ஒருவர்.

துருவத்தின் மேலே பறப்பதில் இயந்திரவியல் மாணவர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குளிர்! அமெரிக்காவில் போடும் 'ஜெட் ஏ' எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். நம் நாட்டில் போடும் 'ஜெட் ஏ-1' மைனஸ் 47 வரை தாங்கும். வெளியே காற்று அதைவிடக் குளிர்ந்து போகலாம். ஆகவே இறக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் கீழே இறங்கியோ, வேகத்தைக் கூட்டியோ, வழியை மாற்றியோ சூடு ஏற்ற வேண்டும். காந்தத் துருவத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டியையும் நம்ப முடியாது. இப்படி, சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் நேரத்திலும் மனசு சும்மா இருக்க முடியாது. எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் எந்த ஊரில் இறங்குவது என்ற கணக்கு மணிக்கு மணி மாறிக்கொண்டே இருக்கும். சென்னை - மதுரை பைலட்டுக்குத் திருச்சி இருக்கிறது. துருவத்தின் மேலே யார் இருக்கிறார்கள்?

எடையிலும் வித்தியாசம் உண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் ஏ.டி.ஆர். 72-600 என்ற இறக்கைச்சுழலி விமானம் அதிகபட்சம் 23,000 கிலோ எடையோடு கிளம்பலாம், 22,350 கிலோ எடையோடு இறங்கலாம். வித்தியாசம் 650 கிலோ. கிளம்பிய சிறிது நேரத்தில் கோளாறு என்றால் திரும்பி வந்து இறங்குவது பெரிய பிரச்சினை இல்லை. நெடுந்தூரத்துக்கான போயிங் 777-300 ஈ.ஆர். விமானமோ 351 டன்னோடு கிளம்பலாம், ஆனால் 251 டன்னுக்கு மேல் இருந்தால் இறங்கக்கூடாது. இடையில் 100 டன்! அவசரத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் டன் டன்னாக எண்ணெயை வானத்தில் கொட்டிவிட்டு வர வேண்டும், அல்லது கனத்த உடம்போடு இறங்கி, பிறகு சக்கரத்தையும் சட்டத்தையும் முழுக்கச் சோதிக்க வேண்டும்.

இவை எல்லாம் கேட்டால் வகுப்பு சொன்னதுதான் சரி என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இறங்கக் கிடைக்காத கேப்டன்

நான் கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்ட விஷயம் இது. நெடுந்தூர பைலட்டுக்கு லேண்டிங் பஞ்சம்! மாதத்தில் மூன்று முறை அமெரிக்கா போய் வந்தால் மொத்தம் ஆறு லேண்டிங். அதை நான்கு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங்காவது சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மூன்றுகூடக் கிடைக்காமல், சிமுலேட்டர் என்ற பொம்மை விமானத்தில் உட்கார்ந்து இறங்கிப் பழகி, கணக்கைச் சரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன், லேண்டிங் மறந்துவிடக் கூடாதே என்று பயிற்சிக்குப் போகிறார்!

குறுகிய தூர பைலட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. பதினாறு நாள் ட்யூட்டி, தினம் நான்கு என்றால் 64. இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 32.

இதையே வேறு மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் நாட்டு விதிப்படி ஒரு பைலட் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. ஒன்றேகால் மணி செக்டாராக அதைப் பறந்தால் 800 முறை ஏறி இறங்க வேண்டும். பதினாறு மணி செக்டாராகப் பறந்தால் 62 முறை. இரண்டு பேர் புத்தகத்திலும் அதே 1,000 மணிதான் பதிவாகும்.

கம்பியும் கூரையும்

எங்கள் பக்கத்துத் தெருவில் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்த 800, 62 கணக்கை அவரிடம் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு கட்டுக்கம்பித் துண்டைக் கொண்டு வந்தார். "ஏம்மா, இதை இழுத்து அறுத்துடுவியா?" என்றார். முடியாது என்றேன். "அப்ப இப்படியும் அப்படியும் மடக்கு" என்றார். பத்துப் பன்னிரண்டு மடக்கில் கம்பி இரண்டாகி விட்டது. "விமானத்துக்கு வயசு மணியில மட்டும் பாக்க மாட்டோம். எத்தனை மடக்குன்னும் பாப்போம்" என்றார்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'ஃபெட்டீக்' என்று படித்தோமே, அதுதான். உலோகச் சோர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர், ரயில் அச்சுகள் தாங்க வேண்டிய பாரத்துக்கும் குறைவான பாரத்திலேயே ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் சுமைதான் காரணம் என்று காட்டினார். பரீட்சைக்காக அந்த வளைகோட்டை வரைந்திருக்கிறோம். அதற்கு உயிர் இருக்கிறது என்று எனக்கு அந்தக் கம்பி உடைந்தபோதுதான் தெரிந்தது.

விமானம் மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள்; உடம்பு பலூன் போலக் கொஞ்சம் விரிகிறது. கீழே வந்தால் சுருங்குகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு மடக்கு. ஒரு மணி நேரப் பயணமானாலும் ஒன்றுதான், பதினாறு மணி நேரமானாலும் ஒன்றுதான். 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் பறந்துகொண்டிருந்தது. 24,000 அடி உயரத்தில் அதன் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பணிப்பெண் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். கூரை இல்லாத விமானத்தைப் பைலட்டுகள் இருவரும் பக்கத்துத் தீவான மாவியில் இறக்கி, மற்ற எல்லோரையும் காப்பாற்றினார்கள். அந்த விமானம் அதுவரை பறந்த நேரம் 35,496 மணி. ஏறி இறங்கிய தடவைகளோ 89,680! வகுத்துப் பாருங்கள், ஒரு பயணம் சராசரியாக 24 நிமிடம். தீவுக்குத் தீவு தாவும் டவுன் பஸ் அது. கடல் உப்புக் காற்றும் இணைப்புகளை அரித்திருந்தது. எண்ணூர்ப் பக்கம் கூரைத் தகடு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

"மனுசனுக்கும் அந்தக் கணக்குதானா சார்?" என்று பெரியவரைக் கேட்டேன். "கம்பிக்கு ராத்திரி பகல் தெரியாது. மனுசனுக்குத் தெரியும். அதையும் சேத்துக்கோ" என்றார். அதற்குப் பிறகுதான் நான் கட்டுரையின் இரண்டாவது பாதியைத் தேடிப் போனேன்.

அதிகாலை மூன்று மணி

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சூரியனைப் பார்த்து ஓடுகிறது. ராத்திரி 2 மணி முதல் காலை 6 மணி வரை அந்தக் கடிகாரம் உடம்பை அடியோடு தாழ்த்தி வைக்கும். உடம்புச் சூடு குறையும், கை மெதுவாகும், மூளை எதையும் சரி சரி என்று ஒப்புக்கொள்ளும். பைலட்டுகளின் ட்யூட்டி விதிகளை எழுதுகிறவர்கள் இந்த நேரத்தைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நெடுந்தூர பைலட்டுக்கு இதில் ஒரு தனித் தொல்லை. குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நமக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே போய் இறங்கினால் ஊர் விழித்திருக்கும், உடம்பு படுக்கச் சொல்லும். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். அது நகர்ந்து சரியாவதற்குள் திரும்பி வந்தாக வேண்டும். ஹோட்டலில் கனமான திரை போட்டு அறையை இருட்டாக்கித் தூங்க முயற்சி செய்வார்கள். தூக்கத்தைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியுமா? ஆனாலும் அவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தனக்குத் தூக்கம் வரும் என்று சட்டமே ஒப்புக்கொண்டு இன்னும் இரண்டு பேரையும் ஒரு படுக்கையையும் கொடுத்திருக்கிறது.

நாலு மணி நேரப் பயணத்தில் ஓட்டுகிற இருவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. 2010 மே 22. துபாயிலிருந்து ராத்திரி கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி வாக்கில் மங்களூரில் இறங்கியது. மலை உச்சியைச் சமப்படுத்திப் போட்ட ஓடுபாதை அது. முடிகிற இடத்தில் பள்ளம். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டிய பிறகுதான் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டது. நிற்க இடம் போதவில்லை. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். விசாரணையில் குரல்பதிவுக் கருவியைக் கேட்டபோது, அதில் பதிவாகியிருந்த இரண்டு மணி சொச்சத்தில் கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி 40 நிமிடம் தூங்கியிருந்தது தெரிய வந்தது. இறங்கும் நேரத்துக்கு முன் எழுந்தவர் முழுசாக விழிக்கவில்லை. மறுபடி மேலே ஏறிவிடலாம் என்று கோ-பைலட் சொல்லியும் அவர் இறங்குவதைத் தொடர்ந்தார். இதற்கு விஞ்ஞானிகள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம தமிழில் 'தூக்கக் கலக்கம்' என்று சரியான சொல் முன்பே இருக்கிறது.

துபாய் - மங்களூர் நெடுந்தூரமா? இல்லை. சென்னை - மதுரை போலக் குறுகியதா? அதுவும் இல்லை. அதைத் தூரத்தின் கணக்கில் வைத்தால் ஒன்றும் விளங்காது. எந்த மணிக்குக் கிளம்பி எந்த மணிக்கு இறங்கினார்கள் என்று பார்த்தால் விளங்கும். என் கேள்வியே தப்பான அளவுகோலைக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். லாங்கா, ஷார்ட்டா என்று கேட்பதைவிட, ஒரு ட்யூட்டியில் எத்தனை மடக்கு, அதில் எத்தனை ராத்திரியில், மாற்றிவிட ஆள் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

விதி மாறிய கதை

நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் 2024 ஜனவரியில் புது விதிகளைக் கொண்டு வந்தபோது ஏறக்குறைய இதையே செய்தது. வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது. 'ராத்திரி' என்பது அதுவரை 12 மணி முதல் 5 மணி வரை இருந்தது. அதை 6 மணி வரை நீட்டியது. ட்யூட்டி அந்த ராத்திரிக்குள் நுழைந்தால் முன்பு ஆறு லேண்டிங் வரை செய்யலாம். புது விதி அதை இரண்டாகக் குறைத்தது. ஆறிலிருந்து இரண்டு!

கம்பெனிகள் கால அவகாசம் கேட்டன, பைலட்டுகள் டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 2025 ஜூலை 1-இல் ஒரு பகுதியும் நவம்பர் 1-இல் மீதியும் நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டிலேயே பெரிய கம்பெனியான இண்டிகோவில் புது விதிக்குத் தேவையான பைலட்டுகளைச் சரியாகத் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. சென்னை விமான நிலையத்திலும் பெட்டிகளோடு ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசு அந்தக் கம்பெனிக்கு ராத்திரி விதிகளில் தற்காலிகமாக விலக்கு கொடுக்க வேண்டி வந்தது. "பைலட் தூங்கறதுக்காக நாம அவதிப்படணுமா?" என்று ரயிலில் ஒருவர் சத்தம் போட்டதைக் கேட்டேன். அவர் கல்யாணத்துக்குப் போக முடியாதவர்; கோபம் நியாயம்தான். ஆனால் விமானம் நின்றதால் யாரும் மங்களூர் மாதிரி சாகவில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, வேப்பம்பட்டு வந்துவிட்டது.

நம்மில் பைலட் ஆகும் ஆசை யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை. 200 மணி நேரம் பறந்தால்தான் வணிக விமானி லைசென்ஸ். கேப்டனுக்குரிய லைசென்ஸுக்கு 1,500 மணி. ஒவ்வொரு மணிக்கும் பணம் கட்ட வேண்டும். எங்கள் வீட்டை விற்றாலும் பாதி தூரம்கூடப் பறக்க முடியாது. ஆனால் அந்த 89,680-ஐ எண்ணுகிற வேலை, விரிசலைத் தேடுகிற வேலை மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு நெருக்கமானதுதான். அதைப் பற்றி அடுத்த மலரில் யாராவது எழுதுங்கள்.

வீட்டு வழக்கு

இனி அப்பா, மாமா வழக்குக்கு வருகிறேன். மாமா கல்கத்தா வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் போகிறார். வழியில் மாற்று டிரைவர் உண்டு, படுக்கை உண்டு, தாபா உண்டு. திரும்பி வந்தால் நாலு நாள் வீட்டில். அப்பாவின் நைட் வாரம் இப்படி: ராத்திரி எட்டேகாலுக்கு நைட் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருநின்றவூர், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி. பத்தேகாலுக்கு செகண்ட் ஷிப்ட் ஆட்களோடு திரும்பி வர 12 மணி. மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே படுக்கை. நாலு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களோடு மறுபடி கும்மிடிப்பூண்டி. ஆறேகாலுக்கு நைட் ஷிப்ட் ஆட்களோடு கிளம்பி எட்டு மணிக்கு வீடு. நான்கு செக்டார்! ஒவ்வொன்றிலும் பதினாலு ஸ்டாப்பிங். பகலில் அவர் படுக்கும்போது தெருவில் காய்காரர், குழாயடிச் சண்டை, பக்கத்து வீட்டு டி.வி. அடுத்த வாரம் பகல் ட்யூட்டி. உடம்புக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். ஊரை விட்டு நகராமலே சான் பிரான்சிஸ்கோ போய் வருகிறார்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி வேலை என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு என்றது. வேலை தொடங்கி முடியும் வரை மொத்தம் 12 மணிக்குள் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அது அவற்றில் அடங்கிப்போனது. அந்தப் பழைய சட்டத்தை வைத்தே அப்பாவின் ட்யூட்டியை அளந்து பார்த்தேன். பஸ் ஓட்டும் நேரம் ஆறேமுக்கால் மணிதான். எட்டேகாலிலிருந்து எட்டு வரை பதினொன்றே முக்கால் மணி. எல்லாம் அளவுக்குள்! மணிக் கணக்கில் பிடிக்கவே முடியாது. பைலட் விதியில் இருக்கும் 'ராத்திரியில் இரண்டு' என்ற கணக்கு மட்டும் டிரைவருக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறவர்கள் நாற்பது பேர். அவர்களில் நம் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுப் போன அண்ணன்களும் உண்டு.

அப்பாவிடம் பைலட் விதியைப் படித்துக் காட்டினேன். எட்டாவது வரை படித்தவர், கவனமாகக் கேட்டார். "ராத்திரியில ரெண்டே தடவதானா? யாரு எழுதிக் குடுத்தாங்க அவங்களுக்கு?" என்றார். "அவங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு நைனா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ட்யூட்டிக்குக் கிளம்பினார்.

அடுத்த நாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். விமானத்துக்கு வைப்பது போலவே கட்டம் போட்டேன்: கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஸ்டாப்பிங் எத்தனை, 12 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் ஓட்டியது எவ்வளவு, பகலில் தூங்கியது எவ்வளவு. ஒரு மாதத்தில் 26 ட்யூட்டி, அதில் நைட் 12, நைட் டிரிப் மட்டும் 48. பகலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கிய நாள் இரண்டு. இரண்டும் மழை நாள். நோட்டைப் பார்த்த மற்ற டிரைவர்கள் மூன்று பேர் தங்களுக்கும் கட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள், போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாலு நோட்டும் இப்போது அவர்கள் சங்கத்துச் செயலாளரிடம் இருக்கின்றன. நைட் வாரத்தில் மூன்றாவது டிரிப்புக்கு மட்டும் வேறு டிரைவர் போடச் சொல்லி கம்பெனியிடம் கேட்கப் போகிறார்களாம். மாமாவும் ஒரு நோட்டு கேட்டிருக்கிறார். வீட்டில் அந்த வாரம் மீன் வாங்கியது அப்பாவின் லீவு நாளில்.